மறு: தடைக்காலம் தெரியும், இந்தத் தடைக்கு என்ன சொல்?

குழுவினருக்கு வணக்கம்.

அமெரிக்காவின் மொன்டானா மாநிலத்தில் ஓடும் பிக் ஹோல் ஆற்றைப் பற்றிய கட்டுரை ஒன்றைத் தமிழாக்கிக்கொண்டிருக்கிறேன். பூச்சி போலக் கட்டிய தூண்டிலால் டிரவுட் மீன் பிடிப்பவர்களிடையே பெயர்பெற்ற மலையாறு அது. ராக்கி மலைகளில் உருகும் பனிதான் அதற்குத் தண்ணீர். பனி குறைந்த ஆண்டுகளில் ஜூலையிலேயே ஆறு இளைத்து, கூழாங்கற்கள் வெளியே தெரிகின்றன. அப்போது மாநில மீன், வனவிலங்கு, பூங்காத் துறை ஒரு கட்டுப்பாட்டை அறிவிக்கிறது: பிற்பகல் 2 மணியிலிருந்து நள்ளிரவு வரை தூண்டில் போடக் கூடாது. நள்ளிரவிலிருந்து மறுநாள் பிற்பகல் 2 மணி வரை போடலாம்.

இதை அங்கே ‘ஹூட் அவுல்’ என்கிறார்கள். அலறும் ஆந்தை என்று பொருள். கட்டுரையில் பத்திக்கு ஒரு முறை வருகிறது. ஒவ்வொரு இடத்திலும் “பிற்பகல் 2 மணி முதல் நள்ளிரவு வரையிலான மீன்பிடிக் கட்டுப்பாடு” என்று எழுதினால் படிப்பவர் தூங்கிவிடுவார். சுருக்கமான சொல் ஒன்று வேண்டும்.

— ந., கோவை

*

ஆந்தைத் தடை என்றே வைத்துவிடலாமே. மூலத்தின் சுவையும் போகாது, கேட்டவுடன் மனத்திலும் நிற்கும்.

— கு.

*

கு. அவர்களுக்கு,

மனத்தில் நிற்கும், ஐயா. ஆனால் தவறான பொருளோடு நிற்கும்.

நெகிழித் தடை என்றால் நெகிழிக்குத் தடை. புகையிலைத் தடை என்றால் புகையிலைக்குத் தடை. ஆந்தைத் தடை என்று செய்தித்தாளில் பார்க்கும் தமிழர், ஆந்தை பிடிப்பதை அரசு தடுத்திருக்கிறது என்றுதான் நினைப்பார். நல்லதுதானே என்று அடுத்த பக்கத்துக்குப் போய்விடுவார்.

இன்னொரு சிக்கலும் உண்டு. இந்தப் பெயர் மீன்பிடிப்பவர்கள் வைத்தது இல்லை. மரம் வெட்டுபவர்களிடமிருந்து வந்தது. கோடையில் காடு காய்ந்து கிடக்கும். பிற்பகல் ஆக ஆகக் காற்றில் ஈரம் குறையும். வெட்டும் எந்திரத்திலிருந்து ஒரு பொறி தெறித்தால் போதும், காடு பற்றிக்கொள்ளும். அதனால் இருள் பிரியும் முன்பே வேலையைத் தொடங்கி, வெயில் ஏறியதும் நிறுத்திவிடுவார்கள். அவர்கள் காட்டுக்குள் போகும் நேரத்தில் ஆந்தை அலறிக்கொண்டிருக்கும். ஆகவே அந்தப் பெயரில் உள்ள ஆந்தை, வேலை செய்ய அனுமதி உள்ள நேரத்தைக் குறிக்கிறது. தடை உள்ள நேரத்தை அன்று. நம் வாசகருக்கோ ஆந்தை என்றால் இரவு. ‘ஆந்தைத் தடை’ என்றால் இரவில் மட்டும் தடை என்று கொள்வார், வெயில் கொளுத்தும் மூன்று மணிக்குக் கோலைத் தூக்கிக்கொண்டு ஆற்றில் இறங்குவார். எந்த நேரத்தில் இறங்கக் கூடாதோ அதே நேரத்தில்.

இந்தத் தடை எதற்கு என்று பார்த்தால் சொல் தானாகவே கிடைக்கும் என்று நினைக்கிறேன்.

டிரவுட் குளிர்ந்த நீர் மீன். 10 முதல் 16 பாகை செல்சியஸ் வரை உள்ள நீரில் நன்றாகத் தின்று வளரும். 20-ஐத் தாண்டினால் திணறத் தொடங்கும். 25-ஐ ஒட்டிய வெப்பம் நீடித்தால் சாகும். மொன்டானாவில் நீரின் வெப்பம் தொடர்ந்து 3 நாள்கள் 73 பாகை பாரன்ஹீட்டைத் தொட்டால், அதாவது ஏறத்தாழ 23 செல்சியஸ் ஆனால், இந்தக் கட்டுப்பாட்டைக் கொண்டுவரலாம். ஆற்றின் ஓட்டம் மிகவும் குறைந்துபோவதும் ஒரு காரணமாகலாம். நீர் சூடாகும்போது அதில் கரைந்திருக்கும் ஆக்சிஜன் குறைகிறது. கடல்மட்டத்தில் 10 பாகையில் லிட்டருக்குச் சுமார் 11.3 மில்லிகிராம் கரையும் என்றால், 23 பாகையில் சுமார் 8.6 மில்லிகிராம்தான் கரையும். பிக் ஹோலின் மேற்பகுதியில் உள்ள விஸ்டம் என்ற ஊர் 1,800 மீட்டருக்கும் மேலான உயரத்தில் இருக்கிறது. அந்த உயரத்தில் காற்றழுத்தம் குறைவு என்பதால் இதிலும் ஐந்தில் ஒரு பங்கு போய்விடும். அதே நேரத்தில் மீனின் உடலோ சூட்டினால் கூடுதல் ஆக்சிஜன் கேட்கிறது. வரவு குறைந்து செலவு கூடும் வேளை.

அப்போது தூண்டிலில் சிக்கினால்? அங்கே பெரும்பாலோர் மீனைப் பிடித்து, கொக்கியை எடுத்துவிட்டுத் திரும்ப ஆற்றிலேயே விட்டுவிடுகிறார்கள். குளிர்ந்த நீரில் அது பிழைத்துக்கொள்ளும். சூடான நீரிலோ, கோலோடு போராடிக் களைத்த மீனுக்கு மூச்சைத் திரும்பப் பிடிக்க வழி இருப்பதில்லை. கையிலிருந்து நழுவி நீந்திப் போவதைப் பார்த்தவர் அது தப்பிவிட்டது என்று மகிழ்வார். அது கொஞ்ச தூரம் கீழே போய்ச் செத்து ஒதுங்கலாம், அவருக்குத் தெரியாது.

ஆற்று நீர் மிகக் குளிர்ந்திருப்பது சூரியன் எழும் நேரத்தை ஒட்டி. மிகச் சூடாவது பிற்பகலின் கடைசியில். வெயில் சாய்ந்த பிறகும் சூடு உடனே இறங்காது. 2 மணிக்குத் தொடங்கி நள்ளிரவில் முடிப்பதற்குக் காரணம் இதுதான். ஆகவே இந்தத் தடையின் உயிர்நாடி ஒரு நாளின் எந்தப் பகுதி என்பதே. ஆந்தைக்கு அதில் இடம் இல்லை. வறட்சியைக்கூடப் பெயரில் போட வேண்டாம். வறட்சி முற்றினால் ஆற்றையே முழுதும் மூடுகிறார்கள், அதற்கு வேறு சொல் வேண்டும்.

தமிழ்நாட்டில் நாளிதழ் படிக்கும் எவருக்கும் ‘மீன்பிடித் தடைக்காலம்’ தெரியும். கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள்கள் விசைப்படகுகள் கடலுக்குப் போவதில்லை. யாரும் விளக்கம் கேட்காத சொல். ஆண்டில் ஒரு பகுதியைத் தடுத்தால் தடைக்காலம் என்றால், நாளில் ஒரு பகுதியைத் தடுத்தால் ‘தடைவேளை’. காலம் என்பது பருவம், வேளை என்பது நாளின் கூறு. இந்த வேறுபாட்டைத் தமிழ் முன்பே பிரித்து வைத்திருக்கிறது, நாம் எடுத்துக்கொண்டால் போதும்.

— இரா.

*

தடைவேளை நன்றாக இருக்கிறது. ஆனால் ‘இடைவேளை’ போல ஒலிக்கிறதே! திரையரங்கில் முறுக்கு வாங்கப் போகும் நினைவு வருகிறது.

எனக்கு வேறொரு யோசனை. அக இலக்கணம் நாளை ஆறு சிறுபொழுதுகளாகப் பிரிக்கிறது. காலை 6 மணியிலிருந்து எண்ணினால் ஒவ்வொன்றும் பத்து நாழிகை, அதாவது 4 மணி நேரம். காலை, நண்பகல், எற்பாடு, மாலை, யாமம், வைகறை. நண்பகல் முடிந்து எற்பாடு தொடங்குவது சரியாகப் பிற்பகல் 2 மணிக்கு! அதோடு எற்பாடு நெய்தல் திணைக்கு உரிய பொழுது. நெய்தலோ மீன்பிடிப்போர் நிலம். மொன்டானா அரசு நம் இலக்கணத்தைப் படித்துவிட்டுத்தான் மணியைக் குறித்ததோ என்று தோன்றுகிறது. ‘எற்பாட்டுத் தடை’ என்று வைத்தால் என்ன?

— மு., ஓய்வுபெற்ற தமிழாசிரியர், மதுரை

*

மு. ஐயா அவர்களுக்கு,

படித்து மகிழ்ந்தேன். இந்தக் குழுவில் மட்டும் கிடைக்கும் மகிழ்ச்சி இது. ஆனாலும் உடன்பட முடியவில்லை.

நீங்கள் சொன்ன கணக்கையே வைத்துக்கொள்வோம். தடை 10 மணி நேரம், 25 நாழிகை. எற்பாடு பத்து நாழிகை, அடுத்து மாலை பத்து, பிறகு யாமத்தில் பாதி ஐந்து. பெயரில் எற்பாடு மட்டும் இருந்தால் ஆறு மணிக்குத் தடை நீங்கிவிடும் என்று ஆகிறது. ஆறு மணிக்கோ நீர் இன்னும் கொதிப்பில்தான் இருக்கும். சொல் தொடங்கும் நேரத்தைச் சரியாகச் சொல்கிறது, முடியும் நேரத்தில் ஏமாற்றுகிறது. மேலும், எற்பாடு என்ற சொல்லை இன்று தமிழாசிரியர்களுக்கு வெளியே எத்தனை பேருக்குத் தெரியும்? விளக்கத்தை விளக்க இன்னொரு அடைப்புக்குறி போட வேண்டியிருக்கும்.

இடைவேளையோடு எதுகை அமைந்தது கேடில்லை. இடைவேளை என்ற சொல்லைத் தமிழர் எவரும் அகராதி பார்த்துக் கற்கவில்லை. தொடங்கும், முடியும், மறுபடி வரும் என்பது அந்தச் சொல்லிலேயே இருக்கிறது. தடைவேளையைக் கேட்டவரும் அப்படியே புரிந்துகொள்வார். முறுக்கு ஞாபகம் வந்தால் வரட்டும்.

தனிமடலில் ஒருவர் ‘வெப்பத்தடை’ என்று எழுதியிருந்தார். இயற்பியலில் அது வேறொன்றுக்கு எப்போதோ போய்விட்டது. திரும்பக் கேட்க முடியாது.

— இரா.

*

உதகையிலிருந்து ஒரு குறிப்பு.

சொல் பற்றி எனக்குக் கருத்து இல்லை. ஆனால் டிரவுட்டைத் தமிழாக்கிவிடாதீர்கள். அவலாஞ்சியில் 1907-இல் வெள்ளைக்காரர்கள் டிரவுட் பொரிப்பகம் அமைத்தார்கள். அன்றிலிருந்து இங்கே அது டிரவுட்தான். நீலகிரியில் எவரும் அதற்கு வேறு பெயர் சொல்லி நான் கேட்டதில்லை. புதுப்பெயர் வைத்தால் அதைப் பிடித்தவரே அடையாளம் காண மாட்டார்.

‘ஃபிளை’ என்பதை ஈ என்று மட்டும் எழுத வேண்டாம் என்றும் வேண்டுகிறேன். கொக்கியில் இறகும் மயிரும் நூலும் சுற்றிக் கட்டுவது அது. சில சிறகுப்பூச்சி போல இருக்கும், சில புழுப்பருவத்துப் பூச்சி போல, சில சின்ன மீனைப் போலவே. ஈ என்றால் பலகாரக் கடைதான் நினைவுக்கு வரும்.

— அ.

*

அ. சொல்வது சரி. ஒன்று சேர்க்கிறேன். நம் ஊர்த் தூண்டிலில் ஈயக்குண்டோ இரையோ தன் எடையால் நரம்பை இழுத்துக்கொண்டு போய் விழும். இந்த முறையில் அது தலைகீழ்: கட்டிய பூச்சிக்கு எடையே கிடையாது என்று சொல்லலாம், தடித்த நூல்தான் காற்றில் சுழன்று அதைக் கொண்டுபோய் நீரில் வைக்கிறது. எனவே வெறும் ‘செயற்கை இரை’ என்றாலும் போதாது. ‘பொய்ப்பூச்சி’ என்று வைத்துக்கொள்ளலாமா? பொய்க்கால் குதிரை ஏற்கெனவே உண்டு. மீன்பிடி முறைக்குப் பொய்ப்பூச்சித் தூண்டில்.

— இரா.

*

அனைவருக்கும் நன்றி. தடைவேளையையும் பொய்ப்பூச்சியையும் எடுத்துக்கொள்கிறேன். டிரவுட் டிரவுட்டாகவே இருக்கும்.

சொல்லை வாக்கியத்தில் ஓட்டிப் பார்க்காமல் முடிவு செய்யக் கூடாது என்பதால், மொழிபெயர்ப்பின் ஒரு பகுதியை இங்கே இடுகிறேன்:

“1988 வறட்சியில் விஸ்டம் ஊருக்கு அருகே பிக் ஹோலின் ஓட்டமே நின்றது. பள்ளத்தாக்கின் வைக்கோலுக்கு நீர் பாய்ச்சும் பண்ணையாளர்கள், தூண்டில்காரர்களைப் படகில் அழைத்துச் செல்லும் வழிகாட்டிகள், அதே ஆற்றிலிருந்து குடிநீர் எடுக்கும் பியூட் நகரம் என எல்லோருக்கும் ஒரே நீர். 1995-இல் இவர்கள் ஒன்றாக உட்கார்ந்து பேச ஒரு குழு உருவானது. இன்று வறட்சி ஆண்டுகளில் தடைவேளை முதலில் வருகிறது. நிலைமை மோசமானால் முழுத்தடை. தடைவேளை நடப்பில் இருக்கும்போது வழிகாட்டிகள் விடியும் முன் படகை இறக்கி, நண்பகலுக்குள் கரையேறிவிடுகிறார்கள்.”

ஓடுகிறது என்றே நினைக்கிறேன். ‘தடைவேளை அறிவிக்கப்பட்டது’, ‘தடைவேளை விலக்கப்பட்டது’ என்பவையும் இடறவில்லை.

இன்னோர் இடத்தில் மட்டும் கவனம் தேவைப்பட்டது. 2016 ஆகஸ்டில் யெல்லோஸ்டோன் ஆற்றில், சிறுநீரகத்தைத் தாக்கும் ஓர் ஒட்டுண்ணி நோயால் மீன்கள் ஆயிரக்கணக்கில் செத்தன. செத்தவற்றில் பெரும்பாலானவை வைட்ஃபிஷ். அதை வெண்மீன் என்று எழுதியிருக்கிறேன், டிரவுட்டின் குடும்பம்தான். வெப்பமும் குறைந்த ஓட்டமும் நோய்க்குத் துணை செய்தன. அப்போது ஆற்றில் 183 மைல் தூரத்துக்கு மீன்பிடிப்பு மட்டுமின்றி, படகு, மிதவை, குளியல் எல்லாவற்றையும் நிறுத்தினார்கள். அதற்கு ‘முழுத்தடை’ பொருந்தாது. அது மீன்பிடிப்புக்கு மட்டும் உரியது. ‘ஆற்றுமூடல்’ என்று எழுதியிருக்கிறேன். எதிர்ப்பு இருந்தால் வெள்ளிக்கிழமைக்குள் சொல்லுங்கள், அன்று பிரதி அச்சுக்குப் போகிறது.

கட்டுரையாசிரியர் கிரேலிங் என்ற மீனைப் பற்றி ஒரு பக்கம் எழுதியிருக்கிறார். பாய்மரம் போன்ற முதுகுத் துடுப்பு உள்ளது, அந்த ஆற்றின் மண்ணுக்கு உரியது. பழுப்பு டிரவுட் ஐரோப்பாவிலிருந்து கொண்டுவந்து விடப்பட்டது, வானவில் டிரவுட் பசிபிக் கரையோர ஆறுகளிலிருந்து. உதகையைப் போலத்தான். தடைவேளையால் அதிகம் பேசப்படுவது வந்தேறிகள், அதிகம் காக்கப்பட வேண்டியது கிரேலிங் என்று அவர் முணுமுணுக்கிறார். அதை மென்மையாக்காமல் அப்படியே விட்டிருக்கிறேன்.

கடைசியாக ஒரு சொல் மிச்சம் இருக்கிறது. ஜூன் மாதத்தில் ஆற்றுப்படுகையில் வாழ்ந்த பூச்சிகள் ஒரே சமயத்தில் கூட்டமாகக் கரையேறிச் சிறகு விரிக்கின்றன. மீன்கள் வெறிகொண்டு தின்கின்றன. ஈசல் புறப்பாடு போல. அந்த நிகழ்வுக்கு அங்கே ஒரே சொல் இருக்கிறது, நம்மிடம் எனக்கு அகப்படவில்லை. அதைத் தனி இழையாகத் தொடங்குகிறேன்.

— ந.