வெண்ணெயா, மார்கரினா: எல்.டி.எல். கூடியவருக்கு எது ஏற்றது?

அகல்விளக்கு (கேள்வி):
என் தந்தையாருக்கு அண்மையில் எடுத்த இரத்தப் பரிசோதனையில் கெட்ட கொழுப்பு எனப்படும் எல்.டி.எல். அளவு கூடுதலாக வந்ததால், ரொட்டியில் தடவும் வெண்ணெயை நிறுத்திவிட்டு அதற்கு மாற்றாக எண்ணெயிலிருந்து செய்யும் மார்கரினுக்கு மாறலாமா என்ற பேச்சு வீட்டில் எழுந்துள்ளது. மார்கரின்தான் கெடுதி, வெண்ணெயே மேல் என்று பல ஆண்டுகளுக்கு முன் படித்த நினைவு இருக்கிறது. இப்போது சிலர் அதற்கு நேர்மாறாகச் சொல்கிறார்கள். எதை நம்புவது?

நீர்முள்ளி:
இரண்டும் உண்மைதான், இடையில் மாறியது மார்கரின். 1869இல் பிரெஞ்சு வேதியியலாளர் மேஜ்-மூரியே அதை உருவாக்கியபோது மாட்டுக் கொழுப்பே மூலப்பொருளாக இருந்தது. 20ஆம் நூற்றாண்டில், தாவர எண்ணெயில் ஹைட்ரஜனைச் சேர்த்துக் கெட்டிப்படுத்தும் முறை பரவியது. அந்த வினையைப் பாதியில் நிறுத்தினால் தடவுவதற்கு ஏற்ற பதம் கிடைக்கும். ஆனால் எண்ணெயில் எஞ்சும் இரட்டைப் பிணைப்புகளில் ஒரு பகுதி வடிவம் மாறி டிரான்ஸ் கொழுப்பாகிவிடும். அது எல்.டி.எல்.லை ஏற்றுவதோடு நிற்காமல், நல்ல கொழுப்பு எனப்படும் எச்.டி.எல்.லையும் இறக்குகிறது என்பதை 1990இல் மென்சிங்க், கட்டான் என்ற நெதர்லாந்து ஆய்வாளர்கள் காட்டினார்கள். ஆகவே, அக்காலத்துக் கட்டி மார்கரின் வெண்ணெயைவிடக் கெடுதியானது என்று நீங்கள் படித்ததில் பிழையில்லை. பிறகு 2003இல் டென்மார்க் டிரான்ஸ் கொழுப்புக்குக் கட்டுப்பாடு விதித்தது. பகுதி ஹைட்ரஜனேற்றம் செய்த எண்ணெய்களை உணவில் சேர்ப்பது பாதுகாப்பானதாகக் கருதப்படாது என 2015இல் அமெரிக்காவும் அறிவித்தது. இன்று பல நாடுகளில் கிடைக்கும் மென்மையான மார்கரின் வேறொரு பண்டம்.

பனித்துளி:
இவ்வளவு வேதியியல் தேவையா? வெண்ணெய் இயற்கையானது; நம் முன்னோர் உண்டது. ஆலையில் செய்ததைவிட அதுவே நல்லது என்பது என் கருத்து.

நீர்முள்ளி:
இயற்கையானது என்பதால் மட்டும் எல்.டி.எல். குறைந்துவிடாது, நண்பரே. வெண்ணெயில் ஏறத்தாழ பாதி எடை, எல்.டி.எல்.லை ஏற்றும் நிறைவுற்ற கொழுப்பு. 14 கிராம் எடையுள்ள ஒரு மேசைக்கரண்டியில் அது மட்டும் 7 கிராம் இருக்கும். நிறைவுற்ற கொழுப்பு மொத்த ஆற்றலில் 10 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்ற உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரைப்படி, 2,000 கலோரி உண்பவருக்கு நாளொன்றுக்குச் சுமார் 22 கிராமே வரம்பு. இரண்டு கரண்டி வெண்ணெய் அதில் மூன்றில் இரண்டு பங்கை எடுத்துக்கொள்ளும். அசைபோடும் விலங்குகளின் பாலில் இயல்பாகவே உண்டாகும் டிரான்ஸ் கொழுப்பும் வெண்ணெயில் சிறிதளவு உண்டு. எப்போதாவது சிறிது சேர்த்துக்கொள்பவரைப் பற்றி நான் பேசவில்லை. நாள்தோறும் தடவிக்கொள்ளும், ஏற்கெனவே எல்.டி.எல். கூடிய ஒருவரைப் பற்றித்தான் கேள்வி.

செங்கதிர்:
ஒரு திருத்தம்: மார்கரின் என்ற பெயரை மட்டும் நம்பி வாங்க வேண்டாம். பனை எண்ணெயை (பாமாயில்) மிகுதியாகச் சேர்த்த கட்டி மார்கரினில் டிரான்ஸ் கொழுப்பு இல்லாமலே நிறைவுற்ற கொழுப்பு கணிசமாக இருக்கக்கூடும். மேலும், ஒரு பரிமாறலில் 0.5 கிராமுக்குக் குறைவாக இருந்தால் டிரான்ஸ் கொழுப்பைச் சுழியம் என்று அச்சிட அமெரிக்க விதி இடமளிக்கிறது. எனவே முகப்பு வாசகத்தை விட்டுவிட்டு, பொருள் பட்டியலில் 'பகுதி ஹைட்ரஜனேற்றம்' என்ற சொல் இருக்கிறதா என்று பாருங்கள். தாவரங்களில் இயல்பாக உள்ள ஸ்டெரால் என்ற பொருளைச் சேர்த்த வகைகளும் உள்ளன. நாளொன்றுக்கு 2 கிராம் ஸ்டெரால் உட்கொண்டால் எல்.டி.எல். ஏறத்தாழ 7 முதல் 10 சதவீதம் வரை குறையும். கலோரியில் மட்டும் பெரிய வேறுபாட்டை எதிர்பார்க்க வேண்டாம்: கொழுப்பின் அளவு ஒன்றானால் இரண்டும் ஒன்றே.

அகல்விளக்கு:
மிக்க நன்றி. வீட்டில் வாங்கி வைத்திருந்த மார்கரின் டப்பாவை இப்போதுதான் எடுத்துப் பார்த்தேன். பொருள் பட்டியலில் முதலில் நிற்பது பனை எண்ணெய். 100 கிராமில் நிறைவுற்ற கொழுப்பு 38 கிராம் என்று அச்சிட்டிருக்கிறார்கள்.

செங்கதிர்:
வெண்ணெயில் ஏறத்தாழ 51 கிராம் என்பதால் இது சற்றுக் குறைவுதான், ஆனால் மாறியதற்கான பயன் பெரிதாக இராது. சூரியகாந்தி, கனோலா போன்ற நீர்ம எண்ணெய் முதலிடத்தில் உள்ள மென்மையான வகையைத் தேடிப் பாருங்கள்.