பழைய ஓல்டு டவுன் கேனோ வாங்கலாமா: புதுப்பிப்பு

அமெரிக்காவின் மெய்ன் மாநிலத்தில் விற்பனைக்கு வந்துள்ள மரக் கேனோ (துடுப்பால் செலுத்தும் ஒடுங்கிய சிறு படகு) ஒன்றை, 1920களில் ஓல்டு டவுன் நிறுவனம் கட்டியது என்ற விற்பவரின் பேச்சை நம்பி வாங்கலாமா என்று இங்கே கேட்டிருந்தேன். இப்போது நேரில் பார்த்துவிட்டேன்.

படகின் உட்புறத்தில், முனைக்கட்டையின் அடிப்பகுதியில் கைவிளக்கைச் சாய்த்துப் பிடித்தபோது, பலமுறை பூசப்பட்ட வார்னிஷுக்குக் கீழே வரிசை எண்ணும், அதையடுத்து நீளத்தை அடிக்கணக்கில் குறிக்கும் 17 என்ற எண்ணும் மங்கலாகத் தெரிந்தன. அந்நிறுவனத்தின் பழைய தயாரிப்புச் சீட்டுகளில் பெரும்பாலானவை பாதுகாக்கப்பட்டிருப்பதால், வரிசை எண்ணைக் கொண்டே மாதிரி, மரவகை, நிறம், எந்த நாளில் எந்த ஊருக்கு அனுப்பப்பட்டது என்பவற்றை அறிய முடிகிறது. அதன்படி, இப்படகு அனுப்பப்பட்டது விற்பவர் சொன்ன 1920களில் அல்ல, 1937இல். என்னைப் பொறுத்தவரை வயதைவிட மரத்தின் நிலைதான் முக்கியம்.

சிடார் பலகைகளும் பித்தளை ஆணிகளும் உறுதியாகவே உள்ளன. விலாச் சட்டங்களில் சில மட்டும், அடிப்பாகம் மேல்நோக்கி வளையும் இடத்தில், விரிசல் கண்டிருக்கின்றன. நீர் தேங்கக்கூடிய இரு முனைகளிலும் குத்தூசியால் அழுத்திப் பார்த்தேன். முன்முனையில் மரம் இற்று, ஊசி எளிதாக இறங்கியது. அதைவிடக் கவலை தருவது, பலகைகளின் மேல் போர்த்தியிருந்த கித்தானை யாரோ அகற்றிவிட்டு வெளிப்புறம் முழுவதும் ஃபைபர் கிளாஸ் ஒட்டியிருப்பதுதான், ஏனெனில் அது உள்ளே ஈரத்தைச் சிறைப்படுத்துவதோடு, மரம் பெயராமல் அதை உரித்தெடுப்பதும் மிகப் பொறுமை வேண்டிய வேலை.

இவற்றையெல்லாம் எடுத்துச் சொல்லி விலையைக் குறைக்கக் கேட்டிருக்கிறேன். விற்பவர் இசைந்தால் வாங்கி, மீண்டும் கித்தானே போர்த்துவேன்.