ஜம்ப் ப்ளூஸ்: தமிழில் என்ன சொல்வது?

அன்பு நண்பர்களே,

அமெரிக்க இசைக்கலைஞர் லூயிஸ் ஜோர்டன் பற்றிய கட்டுரையைத் தமிழாக்குகிறேன். வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. 1908-இல் ஆர்க்கன்சாவின் பிரிங்க்லியில் பிறந்தவர். ஆல்டோ சாக்ஸபோன் வாசிப்பார், பாடுவார், குழுவையும் நடத்துவார். டிரம் கலைஞர் சிக் வெப்பின் பெரிய குழுவிலிருந்து 1938-இல் வெளியே வந்து சின்னக் குழு வைத்தார். ப்ளூஸ் என்பது அமெரிக்கக் கறுப்பர்களின் பாட்டு வகை. அவர்கள் வாசித்த, ஆளை எழுந்து ஆட வைக்கும் ப்ளூஸுக்குத்தான் ஜம்ப் ப்ளூஸ் என்று பெயர். கட்டுரை முழுக்க வருகிறது. 'குதி ப்ளூஸ்' என்று போட்டேன். எனக்கே சிரிப்பு வந்துவிட்டது.

———

அம்மா, குதித்தல் பெரும்பாலும் மேலிருந்து கீழே. துள்ளல்தான் நின்ற இடத்திலேயே மேலெழுவது. கலிப்பாவுக்கு ஓசை துள்ளல் என்று யாப்பிலேயே இருக்கிறதே! சரி, ப்ளூஸை மட்டும் ஏன் அப்படியே விட வேண்டும்? துயரப் பாட்டுதானே அது? நெய்தல் திணைக்கு உரிப்பொருள் இரங்கல், யாழ் (பண்) விளரி. ஆகவே 'துள்ளல் விளரி'. விளர் என்றால் வெளுத்தல். துயரத்தில் முகம் வெளுக்கும் அல்லவா? வெள், வெளிர், வெளிறு, விளர் எல்லாம் ஒரே வேர். விளரியும் அதிலிருந்து வந்திருக்கலாம். இன்னும் எழுதலாம், நாளை எழுதுகிறேன்.

———

> விளர் என்றால் வெளுத்தல்

ஐயா, 'ப்ளூ' என்றால் நீலம், அந்த நீலத்தை வெளுத்துவிட்டீர்களே! அதுவும் கறுப்பர் இசையை. கறுப்பர் இசைத்தட்டுப் பட்டியலுக்கு இருந்த 'ரேஸ் ரெக்கார்ட்ஸ்' (இனத் தட்டுகள்) என்ற தலைப்பை அமெரிக்க இசை இதழான பில்போர்டு 1949-இல்தான் 'ரிதம் அண்ட் ப்ளூஸ்' என்று மாற்றியது. பெயர் வைப்பதில் அவர்கள் பட்டது போதும். போதாததற்கு விளரி ஏழு சுரங்களில் ஒன்று, இன்றைய தைவதம். மாணவர்கள் அந்தச் சுரத்தைத் தேடுவார்கள். ஜோர்டன் எங்கே இரங்கினார்? ஒரு பாட்டில் கோழிக்கூட்டிலிருந்து கோழி பதில் சொல்கிறது. இன்னொன்றில் சனிக்கிழமை மீன் வறுவல் விருந்துக்குள் போலீஸ் நுழைகிறது.

———

போலீஸ் பிடித்துக்கொண்டு போனால் இரங்கல் வராதா?

———

எல்லோருக்கும் வணக்கம். நான் 'குத்து ப்ளூஸ்' என்பேன். 1946-இல் இவருடைய ரயில் பாட்டு ஒன்று பில்போர்டின் அந்தப் பட்டியலில் 18 வாரம் முதலிடத்தில் இருந்தது. ஜூக்பாக்ஸில் காசு போட்டு ஆடியவர்களின் இசை இது. நம் ஊரில் அதற்குக் குத்து என்று பெயர், யாருக்கும் விளக்கவே வேண்டாம்.

———

தம்பி, குத்து என்றதும் நமக்குப் பறையும் தவிலும்தான் காதில் விழும். ஜோர்டன் ஊதியவர்.

அப்புறம், பின்னால் வருவதையும் யோசியுங்கள். டெக்கா என்ற இசைத்தட்டு நிறுவனத்தில் ஜோர்டனின் தட்டுகளைத் தயாரித்த மில்ட் கேப்லர்தான் 1954-இல் ராக் அண்ட் ரோல் பாடகர் பில் ஹேலியின் புகழ்பெற்ற 'கடிகாரப்' பாட்டையும் தயாரித்தார். ஜோர்டன் குழுவின் கார்ல் ஹோகன் 1946-இல் வாசித்த கிட்டார் முகப்பைத்தான் 1958-இல் இன்னொரு ராக் அண்ட் ரோல் கலைஞர் சக் பெர்ரி எடுத்துக்கொண்டார். துள்ளல், குத்து என்றெல்லாம் இங்கே வைத்தால் ராக் அண்ட் ரோலை என்ன செய்வீர்கள்? ஆட்டு உருட்டா? ஒலிபெயர்ப்போடு விடுங்கள்.

———

எனக்கு வேறு சந்தேகம். ஜோர்டன் குழுவின் பெயரான 'டிம்பனி ஃபைவ்' என்பதை ஐவர் குழு என்று போடலாமா? படத்தில் ஏழு பேர் இருக்கிறார்கள்.

———

பெயரில் ஐந்து, மேடையில் பெரும்பாலும் அதற்கு மேல். பஞ்ச பாண்டவர் கட்டில்கால் போல மூன்று பேர் என்ற கணக்குக்கு நேர் எதிர். 'டிம்பனி ஃபைவ்' என்றே விடுங்கள்.

———

நண்பர்களே, மணி இரவு பதினொன்று. துள்ளல் ப்ளூஸுக்கு நான்கு பேர், ஒலிபெயர்ப்புக்கு இருவர், குத்துக்கு ஒருவர், விளரிக்கு ஐயா ஒருவர். முதல் இடத்தில் 'ஜம்ப் ப்ளூஸ் எனும் துள்ளல் ப்ளூஸ்', பிறகு துள்ளல் ப்ளூஸ் என்று போட்டு அனுப்புகிறேன்.

———

அனுப்புங்கள் அம்மா. ப்ளூஸ் அப்படியே நிற்பதில் எனக்கு உடன்பாடில்லை, பதிவாக இருக்கட்டும். ஆனால் சாக்ஸபோனைப் 'பித்தளைக் குழல்' என்று எழுதியிருக்கிறீர்களே? உடல்தான் பித்தளை, பேசுவது வாயில் வைத்து ஊதும் நாணல் சீவாளி. நாகசுரத்தில் இரட்டைச் சீவாளி, இதில் ஒற்றை. 'ஒற்றைச் சீவாளி' என்பதிலிருந்து தொடங்கலாமா?

———

ஐயா, அதற்குத் தனி இழை திறங்கள். இதில் வேண்டாம்.