லூஸ், லூசு: ரெண்டும் ஒரே சொல்லா?

தையல்காரி, வெள்ளவத்தை:
காலி வீதிக்குப் பக்கத்து ஒழுங்கையில, வீட்டிலயே வச்சு உடுப்புத் தைக்கிறன். உடம்போட ஒட்டாமல் வேணும் எண்டு கேக்கிற ஆக்களுக்கு அளவுத் துண்டில "லூஸ்" எண்டு எழுதித் துணியில குத்தி விடுறது என்ர பழக்கம். போன கிழமை ஒரு அன்ரியின்ர பிளவுசில அந்தத் துண்டைக் கழட்ட மறந்துபோனன். மேல அவவின்ர பேர், கீழ கொட்டை எழுத்தில "நல்ல லூஸ்". மனுசி படியடியில நிண்டு கத்தின கத்தில மேல்மாடிச் சனமும் இறங்கி வந்திட்டுது. காசும் தரேல்லை. உண்மையா உடுப்புக்குச் சொல்ற லூசும் ஆளுக்குச் சொல்ற லூசும் ஒண்டுதானா? தொலைக்கிறதுக்கும் ஒரு லூஸ் இருக்காம் எண்டு மகள் வேற குழப்புறாள்.

பென்ஷன் வாத்தியார்:
ஒண்டுதான் பிள்ளை. வைக்கிங்குகள் பேசின பழைய நோர்ஸ் பாசையில "லௌஸ்" எண்டால் கட்டில்லாதது, வெறுமையானது. ஒழுக்கம் கெட்டவனுக்கும் அதே சொல்லுத்தான். ஆக, ஏச்சு அப்பவே உள்ளுக்க இருந்திருக்கு. இங்கிலிசிலயே அதுக்கு ஒரு சொந்தக்காரன் இருந்தவன்: "லெஸ்" எண்ட வால். நீங்கள் தைக்கிற ஸ்லீவ்லெஸ் சட்டையில தொங்கிறதும் அவன்தான்! மகள் சொல்றதும் அதே வேரில முளைச்சதுதான், ஆனால் எழுதேக்க ஒரு "ஓ" குறைவு, முடிவில "ஸெட்" சத்தம். தமிழில எழுதினால் ரெண்டும் ஒண்டாப் போயிடும், அதுதான் கரைச்சல்.

கடைப்பெடியன், புறக்கோட்டை:
அக்கா, மண்டையில ஒரு ஸ்குரூ லூஸ் எண்டு வெள்ளைக்காரன் முழுசாச் சொல்லுவான். நாங்கள் ஸ்குரூவைக் கழட்டி எறிஞ்சிட்டு லூசை மட்டும் ஆளாக்கிப்போட்டம். பிறகு லூசன், அரை லூசு எண்டு குட்டியும் போட்டிட்டுது. எங்கட கடையில லூஸ் பருப்பு எண்டால் மூட்டையில இருந்து நிறுத்துக் குடுக்கிறது. அதுக்கு ஒருத்தரும் சண்டைக்கு வாறேல்லை 😄

பென்ஷன் வாத்தியார்:
இனித் துண்டில "நெகிழ்" எண்டு எழுதுங்கோ. சங்கப் பாட்டில தலைவன் வராத கவலையில தலைவி மெலிஞ்சு, கையில வளை நெகிழும். அன்ரிக்கும் மெலிஞ்ச மாதிரி ஒரு சந்தோசம்.

தையல்காரி, வெள்ளவத்தை:
ஐயா, அப்பிடி எழுதினால் என்னட்டைப் பழகிற பிள்ளை என்னையே லூசு எண்டு நினைப்பாள். இடுப்பு 36, பக்கத்தில +2. அவ்வளவுதான் இனி. ஸ்லீவ்லெஸ் கதையை அன்ரிக்கு நேற்றுப் போனில சொன்னன். விழுந்து விழுந்து சிரிச்சா. காசு இன்னும் வரேல்லை.