புதுப்பிப்பு: இன்ஜினியர்ங்களோட சும்மா பேசினது

போன த்ரெட்ல, வேலை வாழ்க்கை பத்தி இன்டர்வியூ மாதிரி இல்லாம சும்மா பேச இன்ஜினியர்ங்க யாராச்சும் வர்றீங்களான்னு கேட்டிருந்தேன்ல, நிறைய பேர் பேசினாங்க, எல்லாருக்கும் மனசார நன்றி.

"ஏன் இந்த ஃபீல்டுக்கு வந்தீங்க"ன்னு கேட்டா எல்லார்கிட்டயும் ஒரே பதில்தான், அதுவே "எந்த வேலை உங்களை தூங்க விடல"ன்னு கேட்டுப் பாருங்க, நிறுத்தாம பேசுறாங்க. ஒரு ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியர் அக்கா (கட்டடம், பாலம் எடை தாங்குமான்னு கணக்கு போடறவங்க), 1981ல அமெரிக்காவுல கன்சாஸ் சிட்டில ஒரு ஹோட்டலுக்குள்ள நடைபாலம் இடிஞ்சு 114 பேர் செத்ததை சொன்னாங்க. மேல் பாலம் கீழ் பாலம் ரெண்டையும் ஒரே நீள ராடுல தொங்க விடறதா டிசைன், மாட்டுறது ஈசியா இருக்கட்டும்னு ராடை ரெண்டா மாத்திட்டாங்க, கீழ் பாலத்து எடையும் சேர்ந்து மேல் பாலத்து நட்டு மேலயே உக்காந்துடுச்சு. டிராயிங்ல பாத்தா ஒண்ணுமே இல்லாத மாற்றம். இன்னைக்கும் யாராச்சும் "சின்ன சேஞ்ச்தான் மேடம்"னா கணக்கை முதல்லேர்ந்து போடுவாங்களாம். இந்த பொறுப்புணர்ச்சி எந்த ரெஸ்யூம்லயும் தெரியாதுங்க.

சாஃப்ட்வேர்காரங்க பெரும்பாலும் ஆன்கால் (சிஸ்டம்ல பிரச்சனைன்னா எந்த நேரமும் எழுந்து பாக்கற முறை) பத்திதான் சொன்னாங்க, ராத்திரி அலர்ட் வந்தா வீடே முழிச்சுக்குதுன்னு.

மேனேஜர் ஆயிட்டு மறுபடி கோடிங்குக்கே திரும்பின அண்ணன் ஒருத்தர், "இன்னைக்கு என்னப்பா செஞ்சேன்னு பொண்ணு கேட்டா காட்ட ஒண்ணு வேணும்பா"ன்னார். எனக்கு ரொம்ப பிடிச்ச பதில் அது.

மெயின்டனன்ஸ்ல இருக்கறவங்க இன்னும் யாரும் வரல, இருந்தா கண்டிப்பா மெசேஜ் பண்ணுங்க, ராத்திரி ஷிப்ட்னாலும் பரவால்ல, நான் முழிச்சிருக்கேன்.