மறு: ஹெட்போன் ஆம்ப் – தமிழில் என்ன சொல்லலாம்?

செராஸ், கோலாலம்பூர்

அனைவருக்கும் வணக்கம். எங்கள் கல்லூரித் தமிழ் மன்ற இதழுக்கு ஒரு கட்டுரை எழுதுகிறேன். கணினி விளையாட்டு ஆடும் மாணவர்கள் கையைக் கடிக்காத விலையில் ஹெட்போன் ஆம்ப் (ஹெட்போனுக்குப் போகும் மின்சமிக்ஞையைப் பெருக்கும் ஆம்ப்ளிஃபையர்) வாங்குவது எப்படி என்பதுதான் பொருள். இதழாசிரியர் குழு ‘ஆம்ப்’ என்று போடவே கூடாது என்கிறது. நல்ல தமிழ்ச்சொல் சொல்லுங்கள். வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது.

———

பட்டர்வொர்த்

தம்பி, இதற்கு ஏன் இவ்வளவு யோசனை? ஹெட்போன் தலையணி. ஆம்ப்ளிஃபையர் ஒலிபெருக்கி. ‘தலையணி ஒலிபெருக்கி’ என்று போடுங்கள், முடிந்தது. நாற்பது வருடம் பள்ளியில் தமிழ் நடத்தியவன் சொல்கிறேன்.

———

பாயான் லெப்பாஸ், பினாங்கு

ஆசிரியர் ஐயா, மன்னிக்க வேண்டும். முடியவில்லை, இனிமேல்தான் தொடங்குகிறது.

ஒலிபெருக்கி என்றதும் நம் ஆட்களுக்கு என்ன நினைவு வரும்? கோயில் திருவிழாவில் கம்பத்தில் கட்டிய கூம்பு. அதாவது ஸ்பீக்கர். நாளிதழ்களும் அந்தப் பொருளில்தான் எழுதுகின்றன. அப்படியானால் ‘தலையணி ஒலிபெருக்கி’ என்பது தலையில் அணியும் ஸ்பீக்கர். ஹெட்போன் என்பதே அதுதானே ஐயா! இரண்டு குட்டி ஸ்பீக்கரைக் காதோடு ஒட்டி வைத்த சாமான். ஆம்ப்புக்குப் பெயர் வைக்கப் போய் ஹெட்போனுக்கே வைத்துவிட்டோம். தம்பியின் கட்டுரையைப் படித்துவிட்டு ஒருவன் கோலாலம்பூரில் கணினிச் சாமான் விற்கும் லோ யாட் பிளாசாவுக்குப் போனால் இன்னொரு ஹெட்போனோடுதான் திரும்புவான்.

நான் தொழிற்சாலையில் சோதனைப் பிரிவில் வேலை பார்க்கிறேன். நாள் முழுக்க மின்பலகைகளுக்கு மின்னழுத்தம் வைத்துப் பார்ப்பதுதான் பிழைப்பு. அதனால் சொல்லைவிடப் பொருள்தான் முதலில் கண்ணில் படுகிறது. அந்தப் பெட்டி உண்மையில் என்ன செய்கிறது என்று பார்த்துவிட்டுப் பெயருக்கு வருவோமே.

போன வருடம் என் மகன் ஒரு பழைய பேயர்டைனமிக் டிடி 990 புரோ ஹெட்போன் வாங்கி வந்தான். அதன் மின்னெதிர்ப்பு 250 ஓம். (அவன் பாட்டி பெட்டியின் மேல் ‘ஓம்’ என்று நான் படித்ததைக் கேட்டுச் சாமி படத்துக்குப் பக்கத்தில் வைக்கச் சொன்னார். அது தனிக் கதை.) கணினியின் முன்பக்கத் துளையில் செருகினான். சத்தத்தை முழுக்க ஏற்றியும் ‘தொலைவில் கேட்கிற மாதிரி இருக்கிறதுப்பா’ என்றான். போதாக்குறைக்கு விளையாட்டு தொடங்கியதும் பின்னணியில் ‘இஸ்ஸ்’ என்று ஒரு இரைச்சல். மவுஸை நகர்த்தினால் அந்த இரைச்சலும் கூடவே நெளிந்தது.

இரவு ஷிப்டு முடிந்து வந்தவன் கோப்பியை வைத்துவிட்டு மல்டிமீட்டரை எடுத்தேன். 50 ஹெர்ட்ஸ் ஒலியை முழுச் சத்தத்தில் ஓடவிட்டு, பழைய வயர் ஒன்றை அறுத்து, அதன் முனைகளில் ஏ.சி. வோல்ட் பார்த்தேன். ஒரு வோல்ட்டுக்குச் சற்றுக் குறைவு. அவ்வளவுதான் அந்தத் துளையால் முடிந்தது.

கணக்கு எளிது. அந்த ஹெட்போனுக்கு 1 மில்லிவாட் கொடுத்தால் 96 டெசிபெல் வரும் என்று அதன் விவரத்தாளில் இருக்கிறது. 250 ஓமில் 1 மில்லிவாட் வேண்டுமென்றால் அரை வோல்ட் தேவை. 1 வோல்ட் கொடுத்தால் 4 மில்லிவாட், 102 டெசிபெல். விளையாட்டில் குண்டு வெடிக்கும் கணத்துக்கு 110 வரை எட்ட வேண்டுமானால் 25 மில்லிவாட், அதாவது 2.5 வோல்ட் வேண்டும். இதே 1 வோல்ட்டை 38 ஓம் உள்ள ஆடியோ-டெக்னிக்கா எம்50எக்ஸ் ஹெட்போனுக்குக் கொடுங்கள். 26 மில்லிவாட் போகும், அதன் உணர்திறனும் சற்றுக் கூடுதல் என்பதால் 113 டெசிபெல் வரும். அதற்கு ஆம்ப்பே வேண்டாம்!

ஆக, அந்தப் பெட்டி செய்வது 1 வோல்ட்டை 2.5 வோல்ட் ஆக்குவது. உள்ளே வருவதும் மின்சாரம், வெளியே போவதும் மின்சாரம். ஒலி பிறப்பது ஹெட்போனில். பெட்டிக்கும் ஒலிக்கும் நேரடி உறவு கிடையாது. பெயரில் ‘ஒலி’ எதற்கு?

இனி இந்த மூன்று நாளில் குழுவில் வந்த சொற்களைப் பார்க்கிறேன்.

‘காதணிப் பெருக்கி’ – லிட்டில் இந்தியா நகைக்கடையில் கேட்டால் தோடு, ஜிமிக்கி எடுத்துக் காட்டுவார்கள். வேண்டாம்.

‘செவிப்பொறி’ – கேட்க அழகு. ஆனால் ஐம்பொறியில் ஒன்று செவி. செவிப்பொறி என்றால் காதேதான். காதுக்கு ஆம்ப் வைக்கிறோம் என்றால் அது செவிப்புலன் குறைந்தோருக்கான கருவி ஆகிவிடும்.

‘இயக்கி’ – இது எனக்கு முதலில் பிடித்திருந்தது. 250 ஓம் ஹெட்போனை ஓட்டுவதுதானே வேலை. ஆனால் கணினித் தமிழில் இயக்கி என்றால் டிரைவர் மென்பொருள் என்று நிலைத்துவிட்டது. ‘இயக்கியை நிறுவுங்கள்’ என்று தம்பி எழுதினால் வாசகன் இணையத்தில் எதையாவது பதிவிறக்கிக்கொண்டு இருப்பான்.

‘மிகைப்பி’ – சிலர் விடாமல் பயன்படுத்துகிறார்கள். எனக்கு உடன்பாடு இல்லை. மிகை என்றால் அளவுக்கு மேல் போவது, மிகைநடிப்பு என்கிறோமே. ஆம்ப்பை அதன் எல்லைக்கு மேல் திருப்பினால் அலையின் உச்சி தட்டையாக வெட்டுப்பட்டு ஒலி கரகரக்கும். அதுதான் மிகை. நல்ல ஆம்ப் மிகைப்பதில்லை.

‘விரியலாக்கி’ – இலங்கைப் பாடநூலில் உள்ள சொல். அங்கே படித்த நண்பர்களுக்குச் சரளமாக வருகிறது. இங்கே யாருக்கும் வாயில் நுழையாது.

மிஞ்சுவது வெறும் ‘பெருக்கி’. தமிழ்நாட்டு இயற்பியல் பாடநூலிலும் டிரான்சிஸ்டர் பெருக்கி என்றுதான் இருக்கிறது. பெருக்கல் என்பது கணக்கு. 1 வோல்ட்டை 2.5 ஆல் பெருக்கினால் 2.5 வோல்ட். அந்த 2.5 தான் பெருக்கம். ‘கெயின்’ என்று பொத்தானில் எழுதியிருப்பதும் இதுவே. தொழில்காரன் கண்ணுக்கு இதைவிட நேரான சொல் இல்லை.

ஹெட்போனுக்குக் ‘கேட்பொறி’ என்று வைத்துக்கொண்டால் ‘கேட்பொறிப் பெருக்கி’. என் ஓட்டு இதற்கு.

தம்பிக்குத் தனியாக: பெயர் எதுவானாலும் கட்டுரையில் சில விஷயங்களைத் தவற விடாதீர்கள். முதலில் வாசகனை அவன் ஹெட்போனின் ஓம் எண்ணைப் பார்க்கச் சொல்லுங்கள். 32, 38, 60 என்று இருந்தால் பெரும்பாலும் செலவு மிச்சம். 250, 300 என்றால்தான் பேச்சு. யூஎஸ்பியில் செருகும் ஹெட்செட், வயரில்லாத ஹெட்செட் இரண்டுக்கும் உள்ளேயே பெருக்கி இருக்கிறது; அந்த வழியில் வெளியிலிருந்து இன்னொன்றைச் சேர்க்க முடியாது.

இரைச்சல் விஷயம் ரொம்ப முக்கியம். முன்பக்கத் துளைக்குப் போகும் வயர் கணினிப் பெட்டிக்குள் கிராபிக்ஸ் கார்டுக்குப் பக்கத்தில் ஊர்ந்து போகிறது. இரைச்சல் பெரும்பாலும் ஏறுவது அங்கே. அந்தத் துளையில் ஆம்ப்பைச் செருகினால் அது இரைச்சலையும் சேர்த்தே பெருக்கும். அதற்கு நல்லது கெட்டது தெரியாது. இரைச்சல் போக வேண்டுமானால் ஒலியை யூஎஸ்பியில் எண்களாகவே வெளியே எடுத்து, பெட்டிக்கு வெளியே அலையாக மாற்ற வேண்டும். என் மகன் விஷயத்தில் பாதி நிம்மதி அதனால்தான் வந்தது, பெருக்கத்தால் அல்ல. கையில் பணம் குறைவென்றால் ஆப்பிளின் யூஎஸ்பி-சி ஒலிவால் போதும். (ஹெட்போன் துளையுள்ள குட்டி வயர். டாங்கிளை வேறென்ன சொல்வது? வால் மாதிரிதானே தொங்குகிறது.) அதுவும் 1 வோல்ட் அளவுதான் தரும். 38 ஓமுக்குத் தாராளம், 250 ஓமுக்குப் போதாது.

பெருக்கியின் சொந்த மின்னெதிர்ப்பும் ஹெட்போனுடையதில் எட்டில் ஒரு பங்குக்கு மேல் போகக்கூடாது என்று ஒரு கைக்கணக்கு உண்டு. மீறினால் 32 ஓம் ஹெட்போனில் அடித்தொண்டை ஒலி (பேஸ்) வீங்கிக் கேட்கலாம். அப்புறம், எதிராளியின் காலடி இடப்பக்கமா வலப்பக்கமா என்று ஆம்ப் காட்டிக்கொடுக்காது. அது ஹெட்போனும் விளையாட்டை எழுதியவர்களும் பார்த்துக்கொள்கிற வேலை. கடைக்காரர் வேறு மாதிரி சொல்வார்.

நானும் ஏமாந்தேன். முதலில் இணையத்தில் ஒரு கடையில் ‘7.1 கேமிங் ஆம்ப்’ என்று 59 ரிங்கிட்டுக்கு ஒன்று வாங்கினோம். வந்தது அமெரிக்க இரண்டு முனைப் பிளக்கோடு. மாற்றிச் செருகிப் பார்த்தால் முன்பைவிட இரைச்சல். திருகாணியைக் கழற்றினேன். நகத்தளவு ஒரு சில்லு, மீதியெல்லாம் வண்ண விளக்கு. நம் ஊர் மூன்று முனைப் பிளக்கும் 230 வோல்ட்டுக்கு ஏற்றது என்ற குறிப்பும் அடாப்டரில் இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். இல்லாவிட்டால் யூஎஸ்பியிலேயே மின்சாரம் எடுப்பதை வாங்கட்டும்.

———

பட்டர்வொர்த்

படித்தேன். ஒலிபெருக்கியைத் திரும்பப் பெறுகிறேன். ஆனாலும் ஒரு சந்தேகம். வெறும் பெருக்கி என்றால் என் மனைவி விளக்குமாற்றைத்தான் எடுத்து வருவாள். ‘பெருக்கி வாங்கினேன்’ என்று மாணவன் எழுதினால் அம்மாவுக்கு மகிழ்ச்சி, அவ்வளவே. ‘மின்பெருக்கி’ என்று வைத்தால் என்ன?

———

பாயான் லெப்பாஸ்

ஐயா, அது மின்சார விளக்குமாறு! எங்கள் வீட்டில் ஏற்கெனவே ஒன்று தானாகவே ஓடித் தரையைப் பெருக்குகிறது. கேட்பொறி முன்னால் ஒட்டியிருக்கும் வரை குழப்பம் வராது. வாட்ஸ்அப்புக்குப் ‘புலனம்’ என்று தொடங்கியபோதும் இப்படித்தான் சிரித்தோம். இப்போது என் அக்கா ‘புலனத்தில் அனுப்பு’ என்று சாதாரணமாகச் சொல்கிறார். 1989இல் சவுண்ட் பிளாஸ்டர் என்ற சவுண்ட் கார்டு வந்தது. அப்புறம் நமக்கு ‘ஒலி அட்டை’ கிடைத்தது. அட்டையா, அது ரத்தம் உறிஞ்சுமா என்று அன்றைக்கு யாராவது கேட்டிருப்பார்கள்.

———

பட்டர்வொர்த்

சரி. ‘ப்’ மட்டும் விடாமல் போடுங்கள். கேட்பொறிப் பெருக்கி. சந்தி இல்லாமல் அச்சேறினால் நான் சந்தாவை நிறுத்திவிடுவேன்.

———

செராஸ், கோலாலம்பூர்

ஐயா, அண்ணே, இருவருக்கும் நன்றி. தலைப்பில் ‘கேட்பொறிப் பெருக்கி’ போட்டாயிற்று, சந்தியோடு. உள்ளே முதல் தடவை வரும் இடத்தில் மட்டும் ‘கடையில் ஹெட்போன் ஆம்ப் என்று கேளுங்கள்’ என ஒரு வரி. இதழாசிரியர் குழு முணுமுணுத்தது, விட்டுவிட்டது.

அண்ணன் சொன்னபடி என் ஹெட்செட்டைத் திருப்பி ஓம் எண்ணைத் தேடினேன். எண்ணைக் கண்டுபிடிக்கும் முன் வயரின் மறுமுனையைப் பார்த்தேன். யூஎஸ்பி. இரண்டு மாதமாக ஆம்ப் வாங்கக் காசு சேர்த்துக்கொண்டிருந்தேன். கட்டுரையின் முதல் பத்தியை இன்றிரவு மாற்றி எழுதுகிறேன்.