எலிவால் பஞ்சாயத்து

*வெள்ளி, இரவு 9:12*

நித்யா: எல்லாரும் கவனிங்க. அக்கா கல்யாணத்துக்கு இன்னும் 24 நாள்தான் இருக்கு. நான் பெர்ம் பண்ணப் போறேன். முடிவு பண்ணியாச்சு.

அம்மா: என்னது அது

நித்யா: முடியைச் சுருட்டி விடுறதும்மா. அலை அலையா நிக்கும், அடர்த்தியாத் தெரியும். டெங்குக்கு அப்புறம் பின்னல் சுண்டுவிரல் தண்டிதான் இருக்கு. ஃபோட்டோல எலிவாலாத்தான் விழும்.

அம்மா: இடுப்பு வரைக்கும் முடிய வச்சுக்கிட்டுப் பேசுற பேச்சப் பாரு

நித்யா: நீளம் இருக்கும்மா, சதை இல்ல.

கதிர்: முடிக்கு ஏதுடி சதை

சித்தப்பா: 1906 வாக்குல லண்டன்ல கார்ல் நெஸ்லர்னு ஒரு ஜெர்மன்காரர் மெஷின் வச்சு இதைச் செஞ்சு காட்டினார். அதுக்கு முன்னாடி சோதனைக்கு உக்கார வச்சது பொண்டாட்டியைத்தான். ரெண்டு தடவை அந்தம்மா முடி கருகிப் போச்சாம்.

சித்தி: மூணாவது தடவையும் போய் உக்காந்தா பாருங்க, அவளுக்குத்தான் சிலை வைக்கணும். நீங்க மாத்திரையப் போட்டுட்டுப் படுங்க.

நித்யா: சுதா அத்தை எங்க? அத்தை, ஒரு பார்லர்ல 7,000 கேக்குறாங்க. குடுக்கலாமா?

சுதா அத்தை: இப்பதான் கடையப் பூட்டினேன். எண்ணெய் வைக்காம முடிய விரிச்சுப் போட்டு முன்னாலயும் பின்னாலயும் ஃபோட்டோ எடுத்துப் போடு.

(நித்யா 2 படங்கள் அனுப்பினார்)

சுதா அத்தை: வகிட்டுக்கு ரெண்டு பக்கமும் குட்டிக் குட்டியா நட்டுக்கிட்டு நிக்குது பாரு, அது புதுசா முளைச்சது. பெருங்காய்ச்சல் வந்தா ரெண்டு மூணு மாசம் கழிச்சு முடி கொட்டும், அப்புறம் தானா வரும். மாசத்துக்கு ஒரு செ.மீ. கணக்குத்தான், அது பின்னல்ல சேர நாளாகும். சொட்டை விழுந்த மாதிரி அழாத.

நித்யா: அது வர்ற வரைக்கும்தான் பெர்ம் கேக்குறேன் 🙈

சுதா அத்தை: பெர்ம் ஒரு முடிய ரெண்டாக்காது கண்ணு. முடிக்குள்ள ஏணிப்படி மாதிரி கந்தகப் பிணைப்பு இருக்கு. முதல் மருந்து தயோ, அது அந்தப் படிய உடைக்கும். சுருட்டுற ராடுல சுத்தின வாக்குல முடி வளைஞ்சுக்கும். ரெண்டாவது மருந்து பெராக்ஸைடு, வளைஞ்சபடியே படியத் திரும்பக் கட்டும். முடி ஒட்டிப் படியாமத் தள்ளித் தள்ளி நிக்குறதால நெறையாத் தெரியுது, அவ்வளவுதான்.

சுதா அத்தை: அதுவும் தோள் வரைக்கும் இருக்கிற முடின்னா சரி. உன்னது 32 இஞ்ச். கீழ உள்ள கனம் உச்சிச் சுருளை இழுத்து நேராக்கிரும். நீ கேக்குற இடத்துல படிஞ்சு கிடக்கும், வேண்டாத இடத்துல பொங்கி நிக்கும். உன் நுனி முடிக்கு ஆறு வயசு ஆச்சு தெரியுமா? அத்தனை வருஷம் வெயில்லயும் சீப்புலயும் அடிபட்டது, மருந்தத் தாங்காது.

சித்தி: ஆறு வயசா! ஒண்ணாங்கிளாஸ் சேத்து விடலாம் போல

சுதா அத்தை: இதெல்லாம் இருக்கட்டும். தலையில இதுவரைக்கும் என்னென்ன போட்டிருக்க? மறைக்காமச் சொல்லு.

நித்யா: ஒண்ணுமே இல்ல அத்தை. மருதாணி மட்டும். அம்மா போட்டு விடுவாங்க.

அம்மா: சுத்த இயற்கை மதினி. பாக்கெட்டுப் பொடிதான், நல்லாக் கருப்பா வரும். டீத்தண்ணி ஊத்தி இரும்புச் சட்டியில ராத்திரியே ஊற வச்சிருவேன்.

சுதா அத்தை: வெறும் மருதாணி இலை கருப்பு குடுக்காது மதினி. செம்பட்டைதான் வரும். கருப்பு வருதுன்னா உள்ள வேற என்னமோ இருக்கு. டையா இருக்கலாம், உலோக உப்பா இருக்கலாம். நீங்க இரும்புச் சட்டி வேற வைக்கிறீங்க.

அம்மா: இருந்தா என்ன மதினி

சுதா அத்தை: உலோகம் இருக்கிற முடியில பெராக்ஸைடு பட்டா கொதிக்கும். முடி அறுந்து கையோட வரும். பார்லர்ல மருதாணி பத்திக் கேட்டாங்களா நித்யா?

நித்யா: இல்ல அத்தை. தேதி கேட்டாங்க, அட்வான்ஸ் கேட்டாங்க.

சுதா அத்தை: நல்லா இருக்கு. சீப்புல வர்ற முடியச் சேத்து வை. ஞாயித்துக்கிழமை வர்றேன், உலோகம் இருக்கான்னு அதுல சோதிச்சுப் பாத்துருவோம்.

கதிர்: சேக்கணுமா? பாத்ரூம் சல்லடையில ஒரு ஆட்டுக்குட்டியே கிடக்கு அத்தை

*ஞாயிறு, பகல் 12:35*

கதிர்: அத்தை அடுப்படிய லேபா மாத்திட்டாங்க. கண்ணாடிக் கிண்ணத்துல கொஞ்சம் 20 வால்யூம் பெராக்ஸைடு, அமோனியா 20 சொட்டு, நித்யா முடி ஒரு கொத்து. அரை மணி நேரம் ஊறணுமாம். அப்பத்தா மூக்கைப் பொத்திக்கிட்டுத் திண்ணைக்குப் போயிட்டாங்க.

அப்பா: வாடை மாடி வரைக்கும் வருது. சோறு உண்டா இல்லையா?

கதிர்: நுரைக்குது. கிண்ணம் சுடுது. பத்து நிமிஷம்கூட ஆகல.

கதிர்: அத்தை முடிய எடுத்து இழுத்தாங்க. ரப்பர் மாதிரி நீண்டுச்சு. அறுந்துருச்சு.

நித்யா: 😶

சித்தி: ஐயோ, நெஸ்லர் பொண்டாட்டி

சுதா அத்தை: கதிர், அந்த வீடியோவ ஸ்டேட்டஸ்ல போடாத. யாராச்சும் வீட்ல செஞ்சு பாத்துக் கையப் பொசுக்கிக்கப் போறாங்க. நான் கையுறை போட்டு, சன்னலத் திறந்து வச்சுச் செஞ்சேன்.

அம்மா: பாக்கெட்டுல இலைப் படம்தான் போட்டிருந்தான் மதினி. நான் என்னத்தக் கண்டேன்.

நித்யா: எத்தனை தடவை அலசினா போகும் அத்தை?

சுதா அத்தை: அலசினாப் போகாது. வளர்ந்து, வெட்டி எறியணும். அதுவரைக்கும் பெர்ம் கிடையாது, ஹேர் கலர் கிடையாது. முடிய நேராக்குற ரீபாண்டிங்னு கேட்டுட்டு வந்துறாத, அதுவும் தயோதான், அப்புறம் பெராக்ஸைடுதான்.

நித்யா: அப்ப கல்யாணத்துக்கு எலிவாலோட நிக்கணுமா?

சுதா அத்தை: எலிவால் உன் கடைசி அஞ்சு இஞ்ச்லதான் இருக்கு. அதை நேர்க்கோடா வெட்டி விடுறேன், அப்புறம் பின்னலைப் பிடிச்சுப் பாரு. ரிசப்ஷனுக்கு விரிச்சுப் போடணும்னா முந்தின ராத்திரி தலைக்குக் குளி, முக்கால்வாசி காஞ்சதும் எட்டுப் பொடிப் பின்னல் போட்டுப் படு. காலையில அவுத்தா நீ கேட்ட அலை வந்துரும். தண்ணி பட்டாப் போயிரும், அது ஒண்ணுதான்.

அம்மா: வெட்டணுமா மதினி 😢

அப்பத்தா (கதிர் ஃபோன்ல இருந்து): முகூர்த்தத்துக்கு என் பெட்டியில சவுரி இருக்கு. எடுத்து வச்சுப் பின்னுங்க.

நித்யா: அப்பத்தா, கலர் ஒத்து வராது. சவுரின்னு தெரிஞ்சுரும்.

அப்பத்தா (கதிர் ஃபோன்ல இருந்து): அது கடைச் சவுரி இல்லடி. எனக்கு இருபது வயசுல சீப்புல வந்த முடிய ஒண்ணு விடாமச் சேத்துக் கட்டினது. உங்க அம்மா அப்ப பொறக்கவே இல்ல, யாரு எனக்கு மருதாணி போட? உன் முடிய விடக் கருப்பு.

சுதா அத்தை: நான் பாத்தேன், அருமையான முடி. சீயக்காய் போட்டு அலசிக் காய வைக்கிறேன்.

நித்யா: சரி. அட்வான்ஸ் குடுக்கல, பிழைச்சேன். அத்தை, அஞ்சு இல்ல, மூணு இஞ்ச் வெட்டுங்களேன்.

சுதா அத்தை: நாலு.

சித்தப்பா: மதினி, மிச்சம் இருக்கிற பாக்கெட்டத் தூக்கிப் போட்டுறாதீங்க. மீசைக்கு ஆகும்.

சித்தி: (இந்த மெசேஜ் நீக்கப்பட்டது)